கட்டத்தை யார் நிரப்புவது?

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவாகப் பூதலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பெயரால் கூடும் கூட்டத்தில் பௌத்தம் பற்றிப் பேசுவோம், தமிழன் இதழ் பற்றிப் பேசுவோம். சாஃப்ட்வேர் வேலையையும் பிள்ளை வளர்ப்பையும் பேச எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த இரண்டையும்தான். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, "ஐ.டி.யில் நுழைய என்ன படிக்கணும், நுழைஞ்ச பிறகு எப்படி நிலைச்சு நிக்கிறது?" என்று கேட்கிறது. நுழைந்து பத்து வருடமாகி, மடியில் குழந்தையோடு இருப்பவர், "சாமி இல்லாமல் இதை வளர்க்க முடியுமா? பள்ளிக்கூட விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது?" என்று கேட்கிறார்.

இரண்டு கேள்வியிலும் ஒரு கட்டம் இருக்கிறது. நிறுவனம் நம்மிடம் தரும் படிவத்தில் சாதி என்ற கட்டம் கிடையாது. பள்ளிப் படிவத்தில் அந்தக் கட்டம் உண்டு; அதைக் காலியாக விடவும் வழி உண்டு. இல்லாத கட்டமானாலும் காலியான கட்டமானாலும், நாம் நிரப்பாமல் போனால் வேறொருவர் வந்து நிரப்புகிறார். இன்று நாம் பேச வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

பண்டிதரும் கணக்கெடுப்பும்

படிவத்தில் எழுதும் ஒரு சொல் நம் விதியைத் தீர்மானிக்கும் என்பதை முதலில் கண்டவர்களில் ஒருவர் பண்டிதர். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதியச் சொன்னார். 1886-இல் நாம் இந்துக்கள் அல்லர் என்று அறிவித்தார். 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. 1911 கணக்கெடுப்பு நெருங்கியபோது, பௌத்தர் என்று பதிவு செய்யுங்கள் என்று அந்த இதழில் எழுதினார். சாதிபேதமற்ற திராவிடர் என்ற பெயரையும் நமக்குத் தந்தவர் அவர்.

1914-இல் மறையும் வரை அவர் விடாமல் செய்த வேலை ஒன்று உண்டு: அடுத்தவன் நம்மைப் பற்றி எழுதிய பெயரை அழித்துவிட்டு, நம் பெயரை நாமே எழுதுவது. கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இந்த மண்ணிலிருந்து கணினிக்கு இரண்டு பாதை

காவிரிப் படுகையிலிருந்து கணினித் துறைக்குப் போன பாதைகள் இரண்டு. முதல் பாதையைப் பற்றி சி. ஜே. ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். தமிழ்ப் பிராமணர்களைப் பற்றிய அந்த நூல் 2014-இல் வந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள திப்பிராஜபுரத்தையும் அவர்கள் ஆய்வு செய்தார்கள். அக்ரகாரத்துக்காரர்கள் ஆங்கிலப் படிப்புக்கும் அரசு உத்தியோகத்துக்கும் நகரத்துக்குப் போனார்கள். நிலம் படிப்படியாகக் கைமாறியது. பின்னால் வந்த தலைமுறை சென்னையிலும் அமெரிக்காவிலும் மென்பொருள் எழுதுகிறது. மூன்று நான்கு தலைமுறையாகச் சேர்ந்த ஆங்கிலமும் உறவுமுறையும் அவர்களுடன் வேலைக்கு வந்தன. இப்படிச் சேர்ந்ததுதான் பிறகு 'தகுதி' என்ற பெயரைப் பெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்த அஜந்தா சுப்ரமணியன் 2019-இல் வெளியிட்ட நூலின் விஷயமும் இதுவே.

இரண்டாவது பாதை நம்முடையது. பண்ணையாளிடம் விற்க நிலம் இல்லை. பண்ணையாளுக்குக் கூலியும் வேலைப் பாதுகாப்பும் உண்டு என்று தஞ்சைக்குத் தனிச் சட்டம் வந்ததே 1952-இல்தான். அதற்குப் பதினாறு வருடம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும் அவர்கள் செய்த குற்றம். அந்த ஆண்டில் பிறந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் நாமும் இருக்கிறோம்.

நம்மைக் கல்லூரிவரை கொண்டுவந்தவை சட்டங்களும் அரசாணைகளும். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு. அதனுள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீதம். 2007-இல் பொறியியல் நுழைவுத் தேர்வு போனது. 2010-க்குப் பிறகு முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. பூதலூரில் காலையில் ரயிலேறித் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய்ப் படித்த பிள்ளை பொறியாளர் ஆனது இப்படித்தான். ஆனால் இந்தத் துணையெல்லாம் கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறது. தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீடு இல்லை. அங்கே சாதியே இல்லை என்கிறார்கள்.

இல்லாத கட்டம் எப்படி நிரம்புகிறது

2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் போயின. தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். எங்களுக்குத் தகுதி மட்டுமே முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பதாகவும் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. சுயமரியாதை இயக்கம் செய்த பெரிய காரியம் அது. அதனால் இங்கே பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேள்வி சுற்றிக்கொண்டு வருகிறது. "சொந்த ஊர் எது?" "தஞ்சாவூர்." "தஞ்சாவூர்ல எங்க?" "பூதலூர்." "பூதலூர்ல எந்தப் பக்கம்?" மூன்றாவது கேள்வியில் ஊரா, சேரியா என்று தெரிந்துவிடுகிறது. பயோடேட்டாவில் விலாசம் காலனித் தெரு என்றிருந்தால் கேள்வியே தேவையில்லை. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். சொல் போகட்டும், நல்லது. தெரு அதே இடத்தில்தான் இருக்கிறது.

விலாசத்திலும் தெரியாவிட்டால் அடுத்த கேள்வி சாமியைப் பற்றியது. "உங்க குலதெய்வம் எது? எந்தக் கோயில்? புரட்டாசியில கவிச்சி சாப்பிடுவீங்களா?" கேட்பவர் பக்தியால் கேட்பதுபோல் இருக்கும். தமிழ்நாட்டில் குலதெய்வத்தைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. தோளில் தட்டிக் கொடுப்பதுபோல் தட்டி, சட்டைக்குள் நூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் கை வெளிநாட்டு அலுவலகம்வரை போயிருக்கிறது. வேலையும் மதமும் தனித்தனி விஷயம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மதம் பற்றிய விசாரிப்பு, பல சமயம், சாதியை அறிவதற்கான மரியாதையான வழி.

கடல் கடந்தும் இது போனது என்பதற்கு நீதிமன்ற ஆவணம் இருக்கிறது. 2020 ஜூன் 30 அன்று, சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அதன் இரண்டு பொறியாளர்கள் மீதும் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை மேலாளர் உடன் வேலை செய்வோரிடம் சொன்னார், அதைப் பற்றிப் புகார் செய்தபின் அந்தப் பொறியாளருக்கு வேலையும் வாய்ப்பும் குறைக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் தனிநபர்கள் இருவர் மீதான வழக்கை அந்தத் துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. எந்தப் பக்கம் தீர்ப்பானாலும், அமெரிக்க நீதிமன்றத்தின் தாளில் சாதி என்ற சொல் ஏறிவிட்டது. 2022 ஏப்ரலில் கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதியைப் பற்றிப் பேசவிருந்த கூட்டம் ரத்தானது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே ஆண்டு அக்டோபரில், கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதேபோன்ற மசோதாவை ஆளுநர் தடுத்துவிட்டார். ஆப்பிள் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதியைச் சேர்த்திருப்பது 2022-இல் செய்தியானது. அமெரிக்காவில் விதிப் புத்தகத்தில் எழுதப்படும் சொல், நம் ஊர் அலுவலகங்களின் விதிப் புத்தகத்திலும் வர வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு இனித் தயக்கம் வேண்டாம். பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்குழு வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. சாதியை விசாரிக்க அப்படி ஒரு குழு இன்னும் கட்டாயமாகவில்லை.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

இனி மாணவர்களுக்கு நேரடியாகச் சில சொல்கிறோம். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, படிப்பு. மூன்று மாதக் கோர்ஸுக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். ஒரு நிரல்மொழியை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், இயக்குதளம், வலைப்பின்னல், இந்த நான்கின் அடிப்படையையும் கல்லூரிப் பாடத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். சோதனை, பராமரிப்பு போன்ற ஆரம்பநிலை வேலைகள் வழியாகத்தான் நம்மில் பலர் உள்ளே போனோம். அந்த வாசலைச் செயற்கை நுண்ணறிவு குறுக்கிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். மட்டும் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கருவியின் பெயர் வருடத்துக்கு வருடம் மாறும். அடிப்படை தெரிந்தவர் புதிய கருவிக்குப் பழகிவிடுவார். கருவியை மட்டும் தெரிந்தவர் அதனோடு வெளியே போவார்.

இரண்டாவது, சிபாரிசு. நிறுவனங்கள் ஊழியர் பரிந்துரையில் நிறையப் பேரை எடுக்கின்றன. அதற்குப் பணமும் தருகின்றன. உள்ளே இருப்பவர் தன் மாமா பையனையும் தன் கல்லூரி நண்பனையும் பரிந்துரைப்பார். யாரும் சாதி பார்க்காமலே சாதி வேலை செய்யும் இடம் இது. புலம்புவதால் இது மாறாது. வேலையில் இருக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளின் பயோடேட்டாவைத் திருத்தி, மாதிரி நேர்காணல் வைத்து, பரிந்துரைக்க வேண்டும். இதை உதவி என்று நினைக்காதீர்கள், கடமை என்று வையுங்கள்.

மூன்றாவது, ஆங்கிலம். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுத்தைப் பழகுங்கள். செய்த வேலையை ஐந்து வரியில் மின்னஞ்சலாக எழுதத் தெரிந்தவரின் உழைப்பை வேறொருவர் தன் கணக்கில் எழுதிக்கொள்வது கடினம்.

நான்காவது, தாள்கள். நியமனக் கடிதம், வருடாந்திர மதிப்பீடு, பாராட்டி வந்த மின்னஞ்சல், சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதி எண், எல்லாவற்றின் விவரத்தையும் தேதியோடு உங்களிடம் வைத்திருங்கள். நிறுவனத்தின் ரகசியத்தை மட்டும் வெளியே எடுத்துவராதீர்கள். வேலையை விட்டுப் போ என்று சொல்லும்போது, பணிநீக்கம் என்று எழுதித் தர மாட்டார்கள். ராஜினாமா செய்யச் சொல்வார்கள். அந்த அறைக்குள்ளேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஒருநாள் அவகாசம் கேளுங்கள், வெளியே வந்து ஆலோசனை கேளுங்கள். தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசே 2016-இல் தெளிவுபடுத்தியது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன; சங்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூலிக்காகச் சங்கம் வைத்த மண்ணின் பிள்ளைகள் நாம். குளிர்சாதன அறைக்குள் போனதும் சங்கம் என்ற சொல் வெட்கத்துக்குரியது ஆகிவிடக் கூடாது.

ஐந்தாவது, இன்னொரு வாசல். இடஒதுக்கீடு உள்ள பொறியியல் வேலைகள் இன்னும் இருக்கின்றன: பொதுத்துறை நிறுவனங்கள், அரசு வங்கிகளின் கணினிப் பிரிவு, தேசியத் தகவலியல் மையம். பூதலூரிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் திருவெறும்பூரில் பெல் இருக்கிறது. அதற்குரிய தேர்வுகளை எழுதாமலே விடாதீர்கள். சென்னை ஒன்றுதான் வழி என்பதும் மாறிவருகிறது. 2024-இல் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறந்தாயிற்று.

ஆறாவது, சாதியைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி. இதில் எல்லோருக்கும் பொதுவான கட்டளை போட நமக்கு உரிமை இல்லை. வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டிய முதல் தலைமுறைப் பிள்ளையிடம், "வீரமாகச் சொல்" என்று மேடையில் நின்று சொல்வது எளிது. சொல்லும் நேரமும் இடமும் உங்களுடையது. பொய் மட்டும் சொல்லாதீர்கள். வேறொரு சாதியின் குலதெய்வத்தை இரவல் வாங்கினால், அதைக் காப்பாற்றவே உங்கள் பாதி அறிவு செலவாகும். "சாமி கும்பிடுவதில்லை, மற்றதை ஏன் கேட்கிறீர்கள்?" என்று சிரித்த முகத்துடன் திருப்பிக் கேட்கலாம். கேட்டவர் பதில் சொல்லத் திணறுவதைப் பார்ப்பீர்கள்.

பிள்ளை வளர்ப்பவர்களுக்கு

இப்போது இரண்டாவது கேள்வி. பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதக் கட்டங்களைப் பெற்றோர் விரும்பினால் காலியாக விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973-லும் 2000-லும் அரசாணைகள் வந்தன. திருப்பத்தூர் வழக்கறிஞர் ம. ஆ. சினேகாவின் பெற்றோர் அப்படித்தான் விட்டார்கள். பல வருட முயற்சிக்குப் பிறகு, 2019 பிப்ரவரி 5 அன்று, சாதி மதம் அற்றவர் என்ற சான்றிதழை வட்டாட்சியரிடமிருந்து அவர் பெற்றார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வேறொருவர் தொடுத்த வழக்கில், இப்படிப்பட்ட சான்றிதழை வழங்க வழிசெய்யும்படி அரசைப் பணித்தது. இவர்கள் நடந்த வழியை மதிக்கிறோம்.

ஆனால் நம் பிள்ளைக்கு அந்தக் காலிக் கட்டத்தின் விலை வேறு. உயர்சாதியில் பிறந்த பொறியாளர் கட்டத்தைக் காலியாக விட்டால், அவர் பிள்ளை எதையும் இழப்பதில்லை. முற்போக்கு என்ற பெயர்கூடக் கிடைக்கும். நம் பிள்ளை காலியாக விட்டால், கல்லூரி இடமும் உதவித்தொகையும் கைவிட்டுப் போகும், சாதி மட்டும் கூடவே வரும். பக்கத்து வீட்டுக்காரர் படிவத்தைப் பார்த்துப் பழகுவதில்லை.

இதில் மதத்துக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியாகக் கருதப்பட்டனர். 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டார்கள், 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத்துக்குப் போன ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பூண்டி மாதா கோயிலுக்கு நடந்து போகும் நம் உறவுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அவர்கள் அனுபவிக்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார் என்று கூறி, புதுச்சேரிப் பெண் ஒருவரின் கோரிக்கையை மறுத்தது. அவர் தேவாலயத்துக்குப் போனாரா என்பதெல்லாம் அங்கே விவாதமானது. நம் வீட்டு நம்பிக்கை, நம் பிள்ளையின் வேலை உத்தரவோடு சட்டத்தாலேயே கட்டப்பட்டிருக்கிறது. அம்பேத்கர் 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். அவரைப் பின்பற்றியவர்களுக்கு மத்திய அரசின் இடஒதுக்கீட்டில் இடம் கிடைக்க 34 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே நம் ஆலோசனை இது. வீட்டில் சாமி வேண்டாம் என்று முடிவெடுத்தால், அந்த முடிவை வீட்டில் நிறைவேற்றுங்கள். சான்றிதழை வாங்கி வையுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் ஆகும் அலைச்சலுக்காகத் தள்ளிப் போடாதீர்கள். அது பக்தியின் சான்று இல்லை. நம்மிடம் பட்ட கடனை நாடு ஒப்புக்கொள்ளும் சீட்டு. நம்பாத மதத்தின் பெயர் அதில் இருப்பது உறுத்தினால், பண்டிதரும் அம்பேத்கரும் திறந்த வழி இருக்கிறது: பௌத்தர் என்று பதிந்தால் பட்டியல் சாதி உரிமையும் நிற்கும். அது வெறும் படிவத்துக்காக வேண்டாம், படித்துப் புரிந்து ஏற்பதாக இருக்கட்டும்.

மதம் இல்லாமல் வளர்ப்பது எப்படி? சாமி படத்தைக் கழற்றுவது ஒருநாள் வேலை. அதன்பின் இருபது வருடம் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் வளர்ப்பு. தாத்தா செத்துப் போனால் எங்கே போனார் என்று கேட்கும். "எங்கேயும் போகலை. அவர் நட்ட தென்னை இருக்கு, அவர் கொடுத்த சிரிப்பு உன் முகத்துல இருக்கு" என்று சொல்லலாம். பயந்தால் திருநீறு பூசும் கைக்குப் பதிலாக, பக்கத்தில் உட்காரும் ஆள் வேண்டும். பண்டிகைக்குப் புதுத்துணி வேண்டும் என்று அழும், வாங்கிக் கொடுங்கள். ஏப்ரல் 14-க்கும் பொங்கலுக்கும் புதுத்துணி போட்டு, இனிப்புச் செய்து, தெருவுக்கே கொடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஏக்கம் இருக்காது. டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவிடத்துக்கு ஒருமுறையாவது கூட்டிப் போங்கள்.

அப்பாயி மாரியம்மனைக் கும்பிட்டால் அவரைப் பிள்ளைகள் முன்னால் கேலி செய்யாதீர்கள். பெரிய கோயிலுக்குள் விடாத காலத்தில் நம் பெண்கள் வயல் வரப்பில் கல் நட்டுத் தங்களுக்கென்று ஒரு தாயை வைத்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையை ஏற்காமலே அந்த வரலாற்றை மதிக்கலாம். பேரப்பிள்ளை, "நான் கும்பிடலை அப்பாயி, ஆனா கூட வர்றேன்" என்று சொன்னால் போதும். பள்ளியில் பிரார்த்தனைக்குக் கட்டாயப்படுத்தினால், அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவைத் தலைமை ஆசிரியரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் வழிபாட்டில் கலந்துகொள்ளப் பிள்ளையைக் கட்டாயப்படுத்த முடியாது.

மதம் இல்லாமல் வளர்க்கலாம். சாதியைச் சொல்லாமல் வளர்க்கக் கூடாது. இதை நாம் அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் நல்ல சம்பளத்தில் இருக்கும் நம்மவர் வீடுகளில் இன்று நடப்பது இதுதான். சென்னையில் அடுக்குமாடி வீடு, ஆங்கிலப் பள்ளி, வீட்டில் ஊர்ப் பேச்சே கிடையாது. பிள்ளை நிம்மதியாக வளரட்டும் என்ற ஆசைதான் காரணம். அந்த ஆசையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு யாரோ சொல்லிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் சான்றிதழ் கேட்கும்போது தெரிகிறது. கல்லூரியில் இடஒதுக்கீட்டைக் கேலி செய்யும் வாயிலிருந்து தெரிகிறது. அம்மா அப்பாவிடமிருந்து வரலாறாக வந்திருக்க வேண்டியது, பகைவனிடமிருந்து வசையாக வருகிறது. அப்போது அந்தப் பிள்ளையின் கையில் பதில் இருக்காது.

பள்ளிக்கூடம் நடுநிலையான இடமும் இல்லை. 2023-இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு, அரசு நீதிபதி சந்துரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு, நெற்றிக் குறி, சாதி காட்டும் அடையாளங்களைப் பள்ளிக்குள் தடை செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சாமி கயிறு என்று கட்டுவது சாதிக் கயிறாக இருக்கிறது என்பதை ஒரு நீதிபதி எழுதித் தர வேண்டியிருந்தது. கயிறு கட்டாத கையோடு நம் பிள்ளை அங்கே போகும்போது, ஏன் கட்டவில்லை என்பதற்கு அதனிடம் பெருமையான ஒரு பதில் இருக்க வேண்டும்.

ஏழெட்டு வயதில் தொடங்கலாம். கொள்ளுத்தாத்தா பண்ணையாளாக இருந்தார், செருப்புப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடக்க முடியாது, அதை எதிர்த்து ஆட்கள் நின்றார்கள், அதனால் நாம் இன்று நடக்கிறோம். இந்த வரிசையில் சொல்லுங்கள். பட்ட அவமானத்தோடு கதையை நிறுத்தாமல், எதிர்த்து நின்றதில் கொண்டுவந்து முடியுங்கள். "உங்க சாமி என்ன?" என்று வகுப்பில் கேட்டால், "எங்க வீட்ல சாமி இல்லை, அம்பேத்கரும் புத்தரும் படிப்போம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போகும் பிள்ளை, பின்னாளில் அலுவலகத்தில் மூன்றாவது கேள்வி வரும்போது தடுமாறாது. வேலை ஆலோசனையும் பிள்ளை வளர்ப்பும் சேரும் இடம் இது. இருபத்திரண்டு வயதில் நேர்காணல் அறையில் வேண்டிய தைரியம், எட்டு வயதில் வீட்டுத் திண்ணையில் கிடைக்க வேண்டும்.

மறுபடி வரும் கட்டம்

கடைசியாக ஒன்று. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. இந்த முறை எல்லோருடைய சாதியும் எழுதப்படும் என்று மத்திய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர் என்று பதிவானவர்கள் சுமார் 28.7 லட்சம் பேர், நூற்றுக்கு 0.24. அப்போது இந்து, சீக்கியர், பௌத்தர் என்று பதிந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி என்ற பதிவு. மதம் இல்லை என்று பெருமையோடு சொன்ன தலித் வீடு, பட்டியல் சாதிக் கணக்கிலிருந்து வெளியே போனது. தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு 20 பேர் என்ற எண் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. தொகுதியும் நிதி ஒதுக்கீடும் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

ஆகவே கணக்கெடுப்பாளர் வரும் நாளில், வீட்டில் படித்த பிள்ளை வாசலில் உட்கார வேண்டும். அவர் எழுதுவதை வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். மதத்துக்கு என்ன, சாதிக்கு என்ன என்று குடும்பமாக முன்பே பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். "எழுதிக்கிட்டேன், போங்க" என்று சொன்னால் விடாதீர்கள். இந்த மன்றத்தில் இருக்கும் பொறியாளர்கள் அந்த வாரங்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள். தெருத் தெருவாகப் போய் விளக்கிச் சொல்வோம். வரும்போது, நாம் சொன்ன அந்த இரண்டு பயோடேட்டாவையும் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

1881-லும் 1911-லும் பண்டிதர் கேட்டுக்கொண்டது இதைத்தான். அவர் காலத்தில் நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இப்போது அந்தக் குறை இல்லை.